தொற்று குணமானதோடு எங்கள் பிள்ளைகளின் மருத்துவக் கோப்பை மூடாதீர்கள்

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவருக்கும், மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும்,

குறைமாதக் குழந்தைகளுக்கான தொடர் பரிசோதனையில் இனி யாரை எதுவரை பார்ப்பது என்று நீங்கள் ஒரு புது வரையறை கொண்டுவந்திருக்கிறீர்கள். பிறந்தபோது ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தைகளும், தலை ஸ்கேனில் ரத்தக்கசிவோ வேறு பாதிப்போ தெரிந்த குழந்தைகளும் முன்புபோல இரண்டு வயது வரை வரலாம். மற்ற எல்லோருக்கும் ஒரு வயதோடு முடிந்தது. ஆள் இல்லை, அறை இல்லை, கூட்டம் தாங்கவில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். வார்டில் இருந்தபோது ரத்தத்தில் கிருமி பரவி, நாள்கணக்கில் ஆண்டிபயாடிக் ஏறி, பிழைத்து வந்த குழந்தைகளைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. எடை ஒரு கிலோவைத் தாண்டியிருந்து, ஸ்கேனும் சரியாக இருந்துவிட்டால் அவர்களும் ஒரு வயதில் வெளியே போய்விடுவார்கள்.

இதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. என் மகள் அப்படிப்பட்ட ஒரு குழந்தை.

அவள் 28 வாரத்தில் பிறந்தாள். எடை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. தலையில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எல்லாமே நார்மல். ஒரு வயதில் உங்கள் பரிசோதனை அறையில் அவளைப் பார்த்த மருத்துவர் வளர்ச்சி திருப்தியாக இருக்கிறது என்று எழுதினார். அவரை நான் குறை சொல்லவில்லை. மூன்று மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு ஒரு வயது என்றால், எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் திருத்திய வயதுப்படி அது ஒன்பது மாதம்தான். ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளை நடக்கவில்லையே என்று யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனால் டயப்பர் மாற்றும்போது அவள் கால்கள் விறைத்துக்கொள்ளும், அகட்டவே வராது. தவழும்போது இரண்டு முட்டியையும் ஒன்றாக இழுத்துத் துள்ளித் துள்ளித்தான் நகர்வாள். இதை நான் சொன்னேன். "குறைமாசப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்" என்பதே வீட்டுப் பெரியவர்களின் பதிலாகவும் இருந்தது, உங்கள் அறையில் கிடைத்த பதிலாகவும் இருந்தது.

இரண்டு வயதுப் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அவளைத் தரையில் இறக்கிவிட்டு நடக்கச் சொன்னார். நுனிக்காலில் நடந்தாள். படுக்க வைத்துக் கணுக்காலை மடக்கிப் பார்த்தார், தொடையை விரித்துப் பார்த்தார், அன்றே நரம்பியல் மருத்துவருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். இரண்டு கால்களையும் பாதித்திருக்கும் மூளைவாதம் (செரிபிரல் பால்சி) என்று உறுதியானது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மூளையின் வெண்பொருளில் பாதிப்பு தெரிந்தது. இப்போது அவளுக்கு ஆறு வயது. இரண்டு கால்களிலும் ஸ்பிளிண்ட் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். கதை சொன்னால் வாய் மூடாமல் கேள்வி கேட்பாள். ஆனால் பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் களைத்துப்போகிறாள். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் நடுவில் ஒன்று விட்டுப்போகிறது.

அவளைக் கண்டுபிடித்தது அந்த இரண்டாவது ஆண்டுப் பரிசோதனை. நீங்கள் இப்போது வெட்டுவதும் அதைத்தான்.

தொற்றை ஏன் இதில் இழுக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். பிறந்த மூன்றாவது வாரம் அது. பால் செரிக்க ஆரம்பித்து, ஆக்சிஜனையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் அவள் நிறமே மாறிப்போனது. மூச்சு அடிக்கடி நின்றது. வயிறு உப்பியது. மாலைக்குள் மறுபடியும் வெண்டிலேட்டர். ரத்த அழுத்தம் இறங்கி, அதை ஏற்ற மருந்து ஓடியது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருக்கிறது என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைச்சவ்வுக்குக் கிருமி போகவில்லை என்றார்கள். அவள் பிழைத்தாள். பிழைக்க வைத்தது உங்கள் மருத்துவர்களும் நர்ஸ்களும்தான், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. "மருந்துக்குக் கேட்டுவிட்டது, இனி பயமில்லை" என்று சொன்னபோது நாங்கள் முழுசாக நம்பினோம். இந்தத் தொற்று வந்ததாலேயே அவள் மூளை வளர்ச்சியைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் இரும்புச்சத்துச் சொட்டு எவ்வளவு, தடுப்பூசி எப்போது, கண் பரிசோதனை என்றைக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. தொற்றுக்கு ஒரே வரி. எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள். அதோடு சரி.

மருத்துவ உலகத்துக்கு இந்தத் தொடர்பு தெரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2004ல் ஜாமா மருத்துவ இதழில் பார்பரா ஸ்டோலும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் 1993 முதல் 2001 வரை பிறந்த, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள 6,093 குழந்தைகளைத் திருத்திய வயதில் 18 முதல் 22 மாதத்துக்குள் பரிசோதித்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு மருத்துவமனையில் இருந்தபோது ஒருமுறையாவது தொற்று வந்திருந்தது. தொற்று வராத குழந்தைகளைவிட இவர்களிடம் மூளைவாதம் அதிகம், மனவளர்ச்சியிலும் உடலியக்கத்திலும் குறைந்த மதிப்பெண் அதிகம், பார்வைக் குறைபாடும் அதிகம். தலையின் வளர்ச்சியும் பின்தங்கியிருந்தது.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய விஷயம் வேறொன்று. மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும் இப்படி ஆகவில்லை. ரத்தத்தில் மட்டும் கிருமி இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது. கல்ச்சரில் எதுவுமே வளராமல், சந்தேகத்தின் பேரில் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் கூடியிருந்தது. முதுகு நீர் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதும் மூளை தப்பித்துவிட்டது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எந்தப் பெற்றோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அது போதாது என்பது உங்களுக்குத் தெரியும்.

கிருமி மூளைக்குள் நுழையாமலேயே மூளை எப்படி அடிபடுகிறது என்பதை நான் பின்னால் தேடித் தேடிப் படித்தேன். இந்த மடலைப் படிக்கும் மற்ற பெற்றோர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 24 முதல் 32 வாரம் வரை, மூளையின் வெண்பொருளில் இன்னும் முதிராத ஒருவகைச் செல்கள் நிறைந்திருக்கும். பிற்பாடு முதிர்ந்து, நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறையைப் போடவேண்டியவை அவை. மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இல்லாவிட்டால் எப்படியோ, மயலின் சரியாக அமையாத நரம்பிழையும் அப்படித்தான். செய்தி போகவேண்டிய வேகத்தில் போகாது. உடலில் எங்கே தொற்று வந்தாலும் நோய் எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன் எனப்படும் வேதிப்பொருட்களை ரத்தத்தில் கொட்டுகிறது. அவை மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவைக் கிளறிவிடுகின்றன. கிளம்பிய காவல் செல்கள் வெளியிடும் நச்சை அந்த முதிராத செல்களால் தாங்க முடிவதில்லை. அதே நேரத்தில் ரத்த அழுத்தமும் இறங்கினால், தனக்கு வேண்டிய ரத்த ஓட்டத்தைச் சமன்செய்துகொள்ளும் திறமை குறைமாத மூளைக்கு இன்னும் வந்திருக்காது. ஒரே நாளில் இரண்டு பக்கமும் அடி. பிழைத்த செல்களிலும் பல முதிராமல் அப்படியே நின்றுவிடுகின்றன.

இதெல்லாம் நடப்பது எந்தக் காலத்தில் என்பதையும் யோசியுங்கள். 29ஆம் வாரத்திலிருந்து 40ஆம் வாரத்துக்குள் மூளைப் புறணியின் சாம்பல்பொருள் ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகுகிறது. மடிப்பே இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும் மூளை சுருள் சுருளாக மடிந்துகொள்வதும் இந்த வாரங்களில்தான். கருப்பையின் இருட்டில் நடக்கவேண்டிய இந்த வேலை எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வார்டில், குழாய்களுக்கும் ஊசிகளுக்கும் நடுவில் நடக்கிறது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போய்ச் சேரும் என்பதால், அந்தத் துணையும் அவர்களுக்கு இல்லை. தோல்கூட முழுதாகத் தடித்திருக்காது.

சரி, ஸ்கேனுக்கு வருகிறேன். உங்கள் புது வரையறையே தலை ஸ்கேனை நம்பித்தான் நிற்கிறது. படுக்கை அருகிலேயே எடுக்கக்கூடிய அல்ட்ராசவுண்ட் மிகவும் பயனுள்ளது, மறுக்கவில்லை. ரத்தக்கசிவு தெரியும், வெண்பொருளில் விழும் நீர்க்கட்டிகள் தெரியும். ஆனால் இன்றைக்குக் குறைமாதக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது கட்டி விழாமல் பரவலாக நடக்கும் பாதிப்பு. அதை அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் காட்டாது. தொற்று ஏற்படுத்தும் சேதமும் பெரும்பாலும் இந்த வகைதான். பிரசவத் தேதியை ஒட்டி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2008ல் வெளிவந்தது. ரத்தத் தொற்றோ, குடல் அழற்சியோ வந்த குறைமாதக் குழந்தைகளிடம் வெண்பொருள் மாற்றங்கள் அதிகமாக இருந்ததையும், இரண்டு வயதில் அவர்களிடம் தெரிந்த பின்னடைவுக்கு அந்த மாற்றங்களே பெரும்பாலும் விளக்கம் தருவதையும் அதில் காட்டினார்கள். அதாவது, எந்தப் பாதிப்பைக் காட்ட முடியாதோ அதே கருவியை வைத்து, அந்தப் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளை நீங்கள் வடிகட்டுகிறீர்கள். என் மகளுடைய எல்லா ஸ்கேன் தாளும் என்னிடம் இருக்கிறது. ஒன்றில்கூடக் குறை எழுதப்படவில்லை.

மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தொற்று வந்த குறைமாதக் குழந்தைகளில் ஏராளமானோர் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியாடி வளர்கிறார்கள். என் மகள் இருந்த அறையிலேயே, அதே மாதத்தில், அதே கிருமியோடு போராடிய ஒரு பையன் இன்று சைக்கிள் ஓட்டுகிறான். ஆய்வுகளும் எல்லாவற்றிலும் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சில் 1997ல் 22 முதல் 32 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்த எபிபாஜ் ஆய்வில், தொற்று வந்தவர்களுக்கு மூளைவாத ஆபத்து அதிகம் என்று தெரிந்தது; தொடக்கத்திலும் பிற்பாடும் என இரண்டு முறை வந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் அறிவுத்திறன் குறைவோடு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஏற்கெனவே நலிந்திருக்கும் குழந்தைக்குத்தான் தொற்றும் எளிதில் வருகிறது, ஆகவே எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கடினம் என்றும் நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் மகளின் கால்களுக்கு அந்த ஒரு தொற்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிலை இருக்கிறதே, அதனால்தான் எல்லோரையும் கொஞ்சகாலம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறேன்.

அப்படிப் பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. முன்பெல்லாம் மூளைவாதத்தை 12 முதல் 24 மாதத்துக்குள்தான் உறுதிசெய்வார்கள். திருத்திய வயதில் ஆறு மாதம் ஆவதற்கு முன்பே பல குழந்தைகளுக்கு உறுதிசெய்துவிடலாம் என்று 2017ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று வழிகாட்டியது. திருத்திய வயதில் மூன்றிலிருந்து ஐந்து மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, அது தானாகக் கை கால் அசைப்பதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, பயிற்சி பெற்றவர் பார்த்தால் போதும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை அது. அந்த வயதில் வரவேண்டிய சிறுசிறு அசைவுகள் வரவில்லை என்றால் அது வலுவான எச்சரிக்கை. ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. கையும் கண்ணும் ஒரு தாளும் இருந்தால் செய்துவிடலாம். இந்த இரண்டில் ஒன்றுகூட என் மகளுக்குச் செய்யப்படவில்லை. மூளை வேகமாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் முதல் இரண்டு ஆண்டும் அப்படியே கைவிட்டுப் போனது. பிசியோதெரபி தொடங்கும்போதே அவள் கெண்டைக்கால் தசை இறுகிப்போயிருந்தது.

குழந்தை வீட்டுக்குப் போனபின் தொடங்கும் பயிற்சிகள் பள்ளிக்கு முந்தைய வயது வரை அறிவு வளர்ச்சிக்கு உதவுகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பள்ளி வயதில் அந்தப் பலன் மங்கிவிடுகிறது என்றும் அவர்களே சொல்கிறார்கள். மங்கிப்போகும் என்றால் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. கணக்கில் தடுமாறுவது, கவனம் சிதறுவது, கண்ணும் கையும் ஒத்துழைக்காமல் போவது எல்லாம் வகுப்பறையில்தான் வெளியே வருகின்றன. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017ல் தந்த வழிகாட்டுதலில், 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களை நான்கு வயதில் மறுபடியும் முழுமையாகப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறது. அவர்கள் இரண்டு வயது போதாது என்று நான்குக்குப் போகிறார்கள். நாம் இரண்டிலிருந்து ஒன்றுக்கு வருகிறோம்.

இவ்வளவும் தொற்று வந்தபின் செய்யவேண்டியது. வராமல் தடுப்பதைப் பற்றியும் எனக்கு உங்களிடம் சொல்ல இருக்கிறது. பிறந்து 72 மணி நேரத்துக்குப் பிறகு வரும் தொற்று பெரும்பாலும் வார்டிலிருந்து வருவது. கைகள் வழியாக, குழாய்கள் வழியாக, சிலசமயம் குழாய்த் தண்ணீர் வழியாகக்கூட வருகிறது. வட அயர்லாந்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் 2011-12 குளிர்காலத்தில் சூடோமோனாஸ் கிருமி குழந்தைகளின் உயிரைப் பறித்தபோது, விசாரணை தண்ணீர்க் குழாய்களில் போய் நின்றது. ஒரே நர்ஸ் ஒரு இன்குபேட்டரிலிருந்து அடுத்ததற்கு ஓடுவதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆல்கஹால் திரவத்தைக் கையில் தேய்க்க 20 முதல் 30 விநாடி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அலாரம் அலறிக்கொண்டிருக்கும்போது அந்த விநாடிகள் அவருக்கு எங்கே கிடைக்கும்? கூட்டமும் ஆள் குறைவும் சேர்ந்தால் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தொற்று பெருகும் என்பதை 1982லேயே எழுதிவிட்டார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது பிரிட்டனின் நியமம். உங்கள் வார்டு இரவு நேரத்தில் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஆள் இல்லாத அந்த வார்டின் கதவுக்கு வெளியே நாங்கள் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தோம். தொற்று வந்துவிடும் என்று சொல்லித்தான் எங்களை உள்ளே விடவில்லை. பால் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சநேரம் மட்டும் அனுமதி. தகப்பன்மார்களுக்குக் கண்ணாடி வழியாக மட்டும். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து நடத்தி, 2021ல் வெளியான ஆய்வில், கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். தாய்க்கும் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே படுக்கை. குழந்தை நிலைப்பட்ட பிறகு சேர்த்து வைக்கும் பழைய முறையில் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் குழந்தைகள் இறந்தார்கள். தாயோடு இருந்தவர்களில் 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ரத்தத் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகமும் தாயோடு இருந்தவர்களிடம் குறைவு. 2022ல் வந்த உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை, பிறந்ததிலிருந்தே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம், இப்படி மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு தரச் சொல்கிறது. எஸ்டோனியாவின் தாலினில் ஆதிக் லெவின் என்ற மருத்துவர் 1979லேயே, நர்ஸ் போதவில்லை என்ற அதே காரணத்துக்காகத் தாய்மார்களை உள்ளே அழைத்துக் குழந்தையின் பராமரிப்பை அவர்கள் கையில் கொடுத்தார். ஆள் இல்லை என்று நீங்களும்தான் சொல்கிறீர்கள். நாங்கள் கதவுக்கு வெளியேதானே இருந்தோம்?

தாயின் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிகள் குழந்தையோடு சேர்ந்து வாழ வேண்டியவை. மருந்துக்கு மசியாத மருத்துவமனைக் கிருமிகள் வேறு. முதலாவதைக் காட்டி எங்களை வெளியே நிறுத்திவிட்டு, இரண்டாவதற்குக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நிர்வாகக் குழுவினருக்குத் தனியாக ஒன்று. ஆட்பற்றாக்குறை உண்மை என்று எனக்குத் தெரியும். எல்லோரையும் பார்க்க முடியாவிட்டால் ஆபத்து அதிகமுள்ளவர்களை முதலில் பார்க்க வேண்டும், அதுவும் சரி. ஆனால் அந்த ஆபத்துப் பட்டியலில் தொற்று இல்லாமல் போனதற்குப் பற்றாக்குறை காரணம் ஆகாது. எடையும் ஸ்கேனும் தாளில் உடனே கிடைக்கும் எண்கள் என்பதால் அவற்றை எடுத்துக்கொண்டீர்கள். தொற்று விவரமும் அதே கோப்பில், இரண்டு பக்கம் தள்ளி இருக்கிறது.

நான் கேட்பவை இவை.

புது வரையறையை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன் நிறுத்திவையுங்கள். திருத்தி வெளியிடும்போது, 32 வாரத்துக்கு முன் பிறந்து, வார்டில் ரத்தத் தொற்றோ, மூளைச்சவ்வுக் காய்ச்சலோ, குடல் அழற்சியோ வந்த எல்லாக் குழந்தைகளையும் அதில் சேருங்கள். கல்ச்சர் எதுவும் காட்டாமல் ஐந்து நாளுக்கு மேல் ஆண்டிபயாடிக் பெற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். எடை எவ்வளவு இருந்தாலும், ஸ்கேன் எப்படி இருந்தாலும், அவர்களைத் திருத்திய வயதில் இரண்டு வருடம் பார்க்க வேண்டும், பள்ளியில் சேரும் முன் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். வயதைப் பிறந்த தேதிப்படி கணக்கிடக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் அசைவுப் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள். அதற்கு உங்கள் ஊழியர்களில் இரண்டு பேருக்காவது பயிற்சி கொடுங்கள். தொற்றுக்குக் கொடுக்கும் ஜெண்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகள் காதைப் பாதிக்கக்கூடியவை என்பதால், வீட்டுக்கு அனுப்பும் முன் காது நரம்பின் செயல்பாட்டைப் பார்க்கும் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில், தொற்று வந்த குழந்தையின் பெற்றோருக்குப் புரியும் மொழியில் அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன வந்தது, மூளை வளர்ச்சிக்கு அதனால் என்ன ஆபத்து கூடுகிறது, எத்தனை பேருக்கு ஒன்றும் ஆவதில்லை, எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். கால் விறைப்பு, கட்டைவிரலை உள்ளே மடக்கி எப்போதும் மூடியிருக்கும் கை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது இவற்றையெல்லாம் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் நாங்கள் பயந்துவிடுவோம் என்று எண்ணாதீர்கள். வெண்டிலேட்டர் சத்தத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்.

வார்டின் கதவைத் தாய்க்கும் தகப்பனுக்கும் நாள் முழுவதும் திறந்துவிடுங்கள். தாய்க்கு ஒரு சாய்வு நாற்காலி, கை கழுவும் இடம், கங்காரு பராமரிப்புக்கு ஒரு நர்ஸின் வழிகாட்டல். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

மாதாமாதம் எத்தனை குழந்தைகளுக்கு வார்டில் தொற்று வந்தது, பெரிய ரத்தக்குழாயில் செருகும் மையக் குழாய் வழியாக வந்தது எத்தனை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைகள் என்ற எண்களை வார்டு வாசலில் ஒட்டுங்கள். வேண்டாத குழாயை அன்றன்றே எடுத்துவிடுவதும், குழாய் போடும்போது சரிபார்ப்புத் தாளை விடாமல் பின்பற்றுவதும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெரியவர்களுக்கான ஐ.சி.யூ.க்களில் ரத்தத் தொற்றை எவ்வளவு குறைத்தன என்பது 2006லேயே பதிவாகிவிட்டது. அங்கே முதலில் செய்தது எண்ணியதுதான்.

கடைசியாக, இதற்கு முன் தொற்றோடு போராடி உங்களிடமிருந்து வீட்டுக்குப் போன, இன்னும் பள்ளியில் சேராத குழந்தைகளின் பட்டியலை எடுங்கள். அவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு ஒருமுறை வந்து காட்டச் சொல்லுங்கள். தொலைபேசி எண்கள் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. கூப்பிடும் வேலைக்கு ஆள் இல்லையென்றால் நானும், என்னைப் போன்ற மற்ற தாய்மார்களும் உங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து செய்துதரத் தயார்.

புது வரையறை நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பாக, இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
28 வாரத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் தாய்